சீனிக்கு மாற்றாகச் சீனித்துளசி: எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காட்டுக் கணவாயைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும், மறையூர், செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஸ்டீவியா என்றும் அழைக்கப்படும் சீனித்துளசியைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் கணவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாளுக்கு நான்கு சாயா குடிப்பார்; அஸ்கா (வெள்ளைச் சீனி) இல்லாமல் அவருக்குத் தொண்டையில் இறங்காது. உறவினர் ஒருவர் பொள்ளாச்சியிலிருந்து சீனித்துளசிப் பொடி வாங்கி வந்து கொடுத்து, "இலைதானே, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்" என்கிறார். என் நாத்தனாரோ "அதுவும் கெமிக்கல்தான், தொடாதே" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

அம்மா, சாயாவில் அதைப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் உறவினர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இலையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. அரளி விதையும் செடியில் விளைவதுதான். சீனித்துளசியின் இனிப்பு உடலுக்குள் போய் என்ன ஆகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதே நாம் அதை நம்புவதற்கான காரணம்.

பாலக்காட்டுப் பக்கம் மதுரத் துளசி என்று சொல்லப்படும் இந்தச் செடிக்கும் நம் வீட்டு மாடத்துத் துளசிக்கும் எந்த உறவும் இல்லை. இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டு மலைப்பகுதி இதன் பிறப்பிடம். அங்குள்ள குவாரனி மக்கள் தங்கள் பச்சிலைப் பானத்தில் இனிப்புக்காக இதைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வந்தார்கள். 1899-இல் மொய்சேஸ் பெர்ட்டோனி என்ற தாவரவியலாளர் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1931-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் இலையின் இனிப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1970-களிலிருந்து ஜப்பானியர் அதை உணவுத் தொழிலில் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2015-இல் இதற்கு அனுமதி அளித்தது.

அனுமதி பெற்றது பச்சை இலையோ இலைப்பொடியோ அன்று. வெந்நீரில் சாறு இறக்கி, வடித்து, சுத்திகரித்து, 95 விழுக்காடு தூய்மையில் எடுக்கப்படும் ஸ்டீவியால் கிளைக்கோசைடு என்னும் வெண்பொடிக்கே அந்த அனுமதி. பாதுகாப்பைப் பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பொடியை வைத்தே செய்யப்பட்டவை. உங்கள் நாத்தனார் 'கெமிக்கல்' என்று அஞ்சுகிற அந்தச் சுத்திகரிப்புதான் நமக்கு அளவையும் உறுதியையும் தருகிறது. உறவினர் கொடுத்தது பச்சை நிறப் பொடியானால் அது வெறும் இலைப்பொடி. சாயாவில் ஒரு சிட்டிகை போடுவதால் கெடுதி நேரும் என்று நான் அஞ்சவில்லை. ஆனாலும் நாள்தோறும் பயன்படுத்துவதற்குச் சுத்திகரித்த வெண்பொடியையே பரிந்துரைப்பேன்.

இந்த இனிப்பு சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் இதன் மூலக்கூற்றில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் கண்ணிகளைக் கழற்றித் தாமே உண்டுவிடுகின்றன. மிஞ்சும் ஸ்டீவியால் என்ற பகுதி உறிஞ்சப்பட்டு, கல்லீரல் வழியாகச் சென்று, சிறுநீரில் வெளியேறுகிறது. ரத்தச் சர்க்கரை ஏறுவதற்கு இதில் வழியில்லை. பல்லில் சொத்தையை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கும் இது தீனியாகாது.

அளவு உண்டா என்றால் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் என்று மேல்வரம்பு வகுத்திருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 700 மில்லிகிராம் சுத்திகரித்த பொடியாகும். 28 தேக்கரண்டிச் சீனியின் இனிப்பு அதில் இருக்கும். நான்கு சாயா குடிப்பவர் அந்த வரம்பின் அருகில்கூடப் போகமாட்டார்.

இதை எழுதுவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்கள் கணவர் ஒரு சாயாவுக்கு இரண்டு கரண்டி என்ற கணக்கில் அஸ்கா போட்டிருந்தால், நாளுக்கு 40 கிராம் அளவுக்கு நிறுத்துகிறீர்கள். அது மிக நல்ல காரியம். ஆனால் சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காலையில் புட்டும் நேந்திரம் பழமும், மதியம் தட்டு நிறையச் சோறு, இரவில் மறுபடியும் சோறு என்று இருந்தால், சாயாவில் மிச்சம்பிடித்ததைப் போலப் பல மடங்கு அங்கிருந்து வந்து சேரும். 'அதுதான் சீனியை விட்டாயிற்றே' என்ற நிம்மதியில் இன்னொரு கரண்டிச் சோறு விழுகிற வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். சாயாவை மாற்றிய கையோடு சோற்றின் அளவையும் குறைத்து, அந்த இடத்தில் தோரனோ பொரியலோ கூட்டோ கூடுதலாக வையுங்கள். சீனியையும் சோற்றையும் குறைத்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டி வரலாம்.

'இயற்கை இனிப்பு, சீனித்துளசி' என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டை வாங்கிப் பயன்படுத்துகிறேன். அப்படியும் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. ஏமாற்று வேலையா?
— வாசகர், மீனாட்சிபுரம்

பாக்கெட்டின் முன்புறத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் படியுங்கள். சுத்திகரித்த பொடி சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் சீனி தருகிற இனிப்புக்கு இதில் 25 மில்லிகிராம் போதும். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒட்டுகிற அளவு. அதைக் கரண்டியால் அள்ளிப்போட முடியாது என்பதால், தயாரிப்பாளர்கள் வேறு ஒரு பொருளைச் சேர்த்துப் பருமனாக்குகிறார்கள். பின்புறத்தில் முதலாவதாக எழுதியிருக்கும் பொருள்தான் பாக்கெட்டில் மிகுதியாக இருப்பது. அது பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், எரித்ரிட்டால் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸேதான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்தை உடைத்துச் செய்யப்படுவது; அதுவும் ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். ஒரு கிராம் சிறுபொட்டலத்தை ஒன்றிரண்டு முறை போட்டுக்கொள்வதால் பெரிய மாற்றம் வராது. 'சீனிக்குச் சரியளவு' என்று கரண்டி கரண்டியாகப் போடும் வகை டப்பாக்களில்தான் கவனம் தேவை. எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் ரத்தத்தில் அது அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக நேர்ந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம் உடலும் எரித்ரிட்டாலைச் சிறிதளவு உருவாக்குவதால், அது காரணமா, அல்லது நோயின் அடையாளமா என்பதை அந்த ஆய்வு தீர்த்துச் சொல்லவில்லை. இதய நோய் உள்ளவர்கள் அது சேராத வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

உணவில் சேர்க்கும் பொருள்களைக் குறிக்கும் ஐஎன்எஸ் எண்களையும் பாருங்கள். ஐஎன்எஸ் 960 என்றிருந்தால் சீனித்துளசிச் சாறு. 955 சுக்ரலோஸ், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின். முன்புறத்தில் இலைப்படம் போட்டுப் பின்புறத்தில் 955-ஐயும் சேர்த்திருக்கும் கலவைகள் உண்டு. அனுமதிக்கப்பட்டவைதாம், ஆனால் நீங்கள் காசு கொடுத்துக் கேட்டது அதுவல்ல. துளிகளாக விடும் திரவ வகையில் இத்தகைய சேர்மானங்கள் குறைவாக இருக்கக் காண்கிறேன். ஒரு சாயாவுக்கு ஒன்றிரண்டு துளியே போதும்.

உங்கள் ரத்தச் சர்க்கரை ஏறுவதற்குப் பாக்கெட் மட்டும்தான் காரணமா என்பதையும் பார்க்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை வாசகிக்குச் சொன்ன சோற்றுக் கணக்கு தங்களுக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர் வெல்லத்தை வைத்துக்கொண்டு பராகுவே நாட்டுச் செடியைத் தேடிப் போவானேன்? வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாம் என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள்?
— வாசகி, மறையூர்

மறையூர் வெல்லத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மழைமறைவுப் பள்ளத்தாக்கில் விளையும் கரும்பு, தோட்டத்தின் நடுவிலேயே ஓலைக்கொட்டகையில் எரியும் அடுப்பு, கொப்பரையில் பாகு முற்றிய பதத்தில் சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டும் உருண்டை எனப் பல தலைமுறைகளின் கைப்பக்குவம் அதில் இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் தகுதியானதே.

ஆனாலும் சர்க்கரை நோயாளி அதை அஸ்காவுக்கு மாற்றாகச் சாப்பிடலாம் என்பது தவறு. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். அஸ்காவில் இருப்பதும் அதே சுக்ரோஸ். 100 கிராம் அஸ்காவில் ஏறக்குறைய 400 கலோரி இருந்தால், வெல்லத்தில் 380. இரும்புச் சத்தும் மற்றத் தாதுக்களும் வெல்லத்தில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் சாயாவில் போடும் ஒரு துண்டில் கிடைப்பது சொற்பம். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் ஒரு கிண்ணம் காணப்பயறும் (கொள்ளு) அந்தத் தேவையைக் கூடுதலாகவே நிறைவேற்றும். பெரியவர்கள் நாளெல்லாம் மலையேறி வேலை செய்து, வெல்லத்தை விசேஷத்துக்கு மட்டும் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சர்க்கரை நோய் இல்லாதவர்கள் தாராளமாக மறையூர் வெல்லத்தை வாங்குங்கள். அந்த மணமும் சுவையும் அஸ்காவுக்கு இல்லை. அதிலும் ஓர் அளவு உண்டு. சேர்க்கப்படும் சர்க்கரை அனைத்தையும் கூட்டி நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. வெல்லமும் தேனும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதாம்.

அதிமதுரத்தைத் தட்டிப்போட்டுக் காய்ச்சினால் சாயா தானாகவே இனிக்கிறது. வீட்டில் எல்லாரும் தினமும் குடிக்கிறோம். கூடவே பேருந்து நிலையத்தில் விற்கும் சிறுகுறிஞ்சான் பொடியும் எடுத்துக்கொள்கிறேன். தொடரலாமா?
— வாசகர், களியக்காவிளை

அதிமதுரத்தைத் தினமும் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் சில நாள் எடுத்துக்கொள்வது நம் வீட்டு வைத்தியம், அதில் குற்றமில்லை. நாள்தோறும் இனிப்புக்காகச் சேர்ப்பது வேறு. அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற சுரப்பைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடலில் உப்பு தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. கால் தசைகள் வலுவிழப்பதும் இதயத்துடிப்பு தாறுமாறாவதும் இதன் முற்றிய நிலைகள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவோரும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோரும், கருவுற்றவர்களும் அதிமதுரச் சாயாவைத் தொடவே கூடாது. வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால் ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இனிப்புத்தான் வேண்டுமென்றால், சீனித்துளசியிடம் இந்தக் குறை இல்லை.

சிறுகுறிஞ்சான் இனிக்கிற செடி அன்று. இனிப்பை மறைக்கிற செடி. அதன் இலை ஒன்றை நன்றாக மென்று துப்பிவிட்டு, நாக்கில் கொஞ்சம் அஸ்காவை வைத்துப் பாருங்கள். மணலை வைத்ததுபோல நறநறவென்று மட்டும் இருக்கும். அரை மணி நேரம்வரைகூட இனிப்பு தெரியாது. இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு ஏற்பிகளை அடைத்துக்கொள்வதே காரணம். அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைக்கக்கூடும் என்பதால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது: மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவு கீழே போய்விடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பொடியை மட்டும் நம்புவது அதைவிடப் பெரிய ஆபத்து. பெயர்ச்சீட்டு இல்லாமல் பேருந்து நிலையத்தில் விற்கும் பொடியில் எந்த இலை எவ்வளவு இருக்கிறது என்று சொல்வாரும் இல்லை.

பாயசமும் சக்கைவரட்டியும் (பலாப்பழத்தை வெல்லத்தோடு வரட்டியது) சீனித்துளசி போட்டுச் செய்ய முடியுமா? ஓணத்துக்கு வீட்டில் மூன்று பேர் சர்க்கரை நோயாளிகள்.
— வாசகி, சித்தூர், பாலக்காடு

பாயசம் செய்யலாம், ஆனால் பழைய பாயசத்தை எதிர்பார்க்கக் கூடாது. சீனி இனிப்போடு பருமனையும் வழவழப்பையும் தருகிறது. பாலோடு நெடுநேரம் காய்ந்து அந்த இளஞ்சிவப்பு நிறத்தையும் மணத்தையும் தருகிறது. சீனித்துளசியிடம் இனிப்பு மட்டுமே உண்டு. சூட்டில் அது கெடாது, ஆனால் பாகாகவும் ஆகாது. பச்சை இலையை மென்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: முதலில் வெறும் பச்சிலைச் சுவைதான் இருக்கும், பிறகு இனிப்பு மெல்ல எழும்பி நெடுநேரம் நாக்கிலேயே நிற்கும், அதன் வாலில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு வரும். அளவு மீறினால் அந்தக் கசப்புதான் பாயசத்தில் முந்தும்.

ஆகவே பால் பாயசத்தைவிட, தேங்காய்ப்பாலும் ஏலமும் சுக்கும் சேரும் பிரதமன் வகை இதற்கு நன்றாக ஒத்துவருகிறது. அந்த மணங்கள் கசப்பை மூடிவிடும். பாயசத்தில் போடும் அரிசி அடையைக் குறைத்துச் சிறுபயற்றம்பருப்பில் செய்யுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியபின், ஒரு கரண்டிப் பாலில் கரைத்த பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ருசி பாருங்கள். அப்படியும் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சக்கைவரட்டியை விட்டுவிடுங்கள். அதில் வெல்லம் இனிப்புக்காக மட்டும் போடப்படுவதில்லை. ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சை வராமல் காப்பதும் அதுதான். சீனித்துளசியால் அது முடியாது. அதோடு, பழுத்த சக்கையிலேயே இனிப்பு நிறைய இருக்கிறது. நோயாளிகளுக்கு இரண்டு சுளையைப் பழமாகவே கொடுப்பது மேல்.

சீனிக்குப் பதில் சீனித்துளசி போட்டால் எடை குறையுமா?
— கல்லூரி மாணவி, வாளையாறு

எடையைக் குறைப்பதற்கென்று சீனியல்லாத இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. அந்தப் பட்டியலில் சீனித்துளசியும் உண்டு. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. உங்களுக்கு நோய் இல்லை; வயதும் சிறியது. சீனியை வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு பழகிவிடும். அதன்பின் கடையில் சீனியில்லாத சாயாவை 'விதௌட்' என்று கேட்க உங்களுக்குத் தயக்கமே இருக்காது.

இரண்டு ஏக்கர் இருக்கிறது. தென்னைக்கு இடையில் சீனித்துளசி போடச் சொல்லி, நாற்றும் தந்து இலையையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். இறங்கலாமா?
— விவசாயி, வேலந்தாவளம்

செடியைப் பற்றி முதலில் சொல்கிறேன். விதை சரியாக முளைக்காது. தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். வேருக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். உங்கள் பக்கத்துக் கரிசல் கலந்த மண்ணில் மேட்டுப்பாத்தியும் சொட்டுநீரும் இல்லாமல் முயலவே வேண்டாம். அடர்ந்த தென்னை நிழலும் ஆகாது, இலை மெலிந்துவிடும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பகலின் நீளம் ஏறக்குறைய 13 மணி நேரத்துக்குக் குறைந்தால் இந்தச் செடி பூக்கத் தொடங்கும். பராகுவேயின் கோடைப்பகல் அதைவிட நீளம். நம் ஊரிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதனால் செடி இங்கே தழைப்பதற்குள் பூத்துவிடும். பூத்தபின் இலையின் இனிப்பு குறையும். மொட்டு தெரிந்தவுடன் கிள்ளிவிடுவதும், பூப்பதற்குமுன் அறுவடை செய்வதும் இடைவிடாத வேலை. அந்தக் கூலியைக் கணக்கில் சேர்த்தீர்களா?

நாற்று விற்றவரே வாங்குபவராகவும் இருக்கும் ஏற்பாட்டில் அவருக்கு லாபம் நாற்றிலேயே கிடைத்துவிடுகிறது. நட்டபின் இலையை எடுக்க ஆள் வராமல் நின்றவர்களின் கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. விலை என்ன, காய்ந்த இலையின் ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், இனிப்பு விழுக்காட்டை யார் எந்தக் கூடத்தில் சோதிப்பார்கள், பணம் எத்தனை நாளில் வரும் என்ற நான்கையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்காமல் இரண்டு ஏக்கரில் இறங்காதீர்கள். ஆசை இருந்தால் இரண்டு சென்டில் நட்டு, ஒரு தென்மேற்கு மழைக்காலத்தை அது தாங்குகிறதா என்று பாருங்கள்.

சீனித்துளசி சாப்பிட்டால் குழந்தை பிறக்காது என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, செங்கோட்டை

1968-இல் வெளிவந்த ஓர் எலி ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. செடியைக் காய்ச்சிய நீரை எலிகளுக்குக் கொடுத்தபோது கருத்தரிப்பு குறைந்ததாக அதில் சொல்லப்பட்டது. பின்னர் சுத்திகரித்த பொடியைக் கொண்டு செய்த ஆய்வுகளில் அந்த விளைவு தென்படவில்லை. கருவுற்ற காலத்தில் எந்த இனிப்பானையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே பயன்படுத்துங்கள்.

அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சீனி வேண்டவே வேண்டாம் என்று வீட்டிலிருந்து அதை முழுவதும் எடுத்துவிட்டு, சீனித்துளசி மட்டும் வைத்திருக்கிறோம். சரிதானே?
— வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

ஒன்றை மட்டும் உடனே திருத்திக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவருக்கு என்றேனும் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், படபடக்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் சீனித்துளசி போட்ட சாயாவைக் கொடுத்தால் நாக்கு இனிக்குமே தவிர ரத்தத்தில் ஒன்றும் ஏறாது. அப்போது உயிரைக் காப்பது சீனிதான். மூன்று தேக்கரண்டிச் சீனியையோ 15 கிராம் குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை இன்சுலின் வைக்கும் இடத்தின் அருகிலும், இன்னொன்றை அப்பா வெளியே எடுத்துச் செல்லும் பையிலும் இன்றே வைத்துவிட்டு, எது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.